ஹெடர் சிவக்கிறது, ஷூ இளகுகிறது: பெயின்டரின் தேதியை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஐயா, டெக்சஸில் டல்லஸ் அருகே வசிக்கிறேன். கணினி வேலை. மூன்று வருடங்களுக்கு மேலாக வீட்டு கராஜில் பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் மாதிரியில், பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் கிட் கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். எஞ்சின் 1989 மஸ்டாங்கிலிருந்து கழற்றிய 5 லிட்டர் வி-8. சென்ற மாதம்தான் முதன்முதலாகத் தெருவைச் சுற்றி ஓட்டினேன். பத்தே நிமிடத்தில் பெடல்கள் இருக்கும் அலுமினியப் பெட்டியின் சுவரைத் தொட முடியவில்லை. வலது ஷூவின் அடிப்பாகம் இளகிவிட்டது. லேசாகத் தலையும் கனத்தது. இரவில் கராஜ் வாசலில் ஐடிலில் விட்டுப் பார்த்தால் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் ஹெடர் குழாய்கள் மங்கலாகச் சிவக்கின்றன. காரிலிருந்து இறங்கும்போது என் மனைவிக்குக் கெண்டைக்காலில் சைடு பைப் (கதவுக்குக் கீழே ஓடும் புகைக்குழாய்) பட்டுச் சூடு வேறு. ஹெடரில் சுற்றும் டேப், உள்ளே ஒட்டும் பளபளப்பான ஷீட் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். பெயின்டர் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். அதற்குள் சூட்டைச் சரிசெய்து காரை முடித்துவிட முடியுமா?

பதில்: அன்புள்ள டல்லஸ் நண்பருக்கு,

முதல் ஓட்டத்துக்கு வாழ்த்துகள். பாதியில் நின்று, தூசி படிந்து, விலைக்கு வரும் கிட்கள்தான் ஊரில் அதிகம். உங்களுடையது ஓடுகிறது.

ஆனால் அடுத்த மாதத்துக்குள் முடியாது. பெயின்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். டேப்பையும் பிரிக்காதீர்கள், கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் ஷூவைவிட என்னை நிறுத்தியவை வேறு இரண்டு வரிகள். ஒன்று, போகிற போக்கில் எழுதிய அந்தத் தலைகனம். இன்னொன்று, ஐடிலில் ஹெடர் சிவப்பது. முதலாவது ஆபத்து. இரண்டாவது நோயின் அடையாளம்.

தலைகனத்திலிருந்து தொடங்குகிறேன். ஹெடர் எஞ்சினோடு சேரும் கேஸ்கட்டிலோ, சைடு பைப்போடு இணையும் இடத்திலோ புகை கசிந்தால், அது பெடல் பெட்டியின் ஓட்டைகள் வழியே நேராக உங்கள் முகத்துக்கு வரும். திறந்த கார்தானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. கார் ஓடும்போது எஞ்சின் அறையில் அழுத்தம் கூடுதல். கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் உட்காரும் இடத்தில் அழுத்தம் குறைவு. எங்கே சந்து இருந்தாலும் எஞ்சின் அறைக் காற்றை உங்கள் பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கலந்திருந்தால் மணமும் தெரியாது, நிறமும் தெரியாது. தலை கனக்கும், அவ்வளவுதான். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி சீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, பட்டறைகளில் பயன்படுத்தும் பெரிய வேக்குவம் கிளீனரின் காற்றை வெளியே தள்ளும் வாயை சைடு பைப்பின் முனையில் துணி சுற்றிப் பொருத்துங்கள். காற்று உள்ளே போகட்டும். ஹெடர் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடம் கசிவு. புது ஹெடரில் இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதும் போல்ட்டுகள் தளர்ந்துவிடுவது சகஜம். பலரும் அதை மறுபடி முறுக்குவதேயில்லை.

இப்போது சிவப்பு. எந்த இரும்பும் இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும். முழு மிதியில் மலையேறும் எஞ்சினில் ஹெடர் அந்தச் சூட்டுக்குப் போவது இயல்பு. ஐடிலில் போகக் கூடாது. சரியாக ட்யூன் செய்த எஞ்சினில் ஐடிலில் 200, 300 டிகிரி இருக்கும். வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். கதிர்வீச்சு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும். 300 டிகிரியில் இருக்கும் குழாயைவிட 525 டிகிரியில் இருக்கும் குழாய் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெப்பத்தை உங்கள் பெடல் பெட்டியின் மேல் வீசுகிறது. இந்த நான்கு மடங்கை எந்த ஷீட்டாலும் மறைக்க முடியாது. மூலத்திலேயே குறைக்க வேண்டும்.

ஐடிலில் ஹெடர் சிவந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை. தீப்பொறி தாமதமாக வந்தால் எரிதல் பிஸ்டனைத் தள்ளி முடிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் குழாய்க்குள் போய் எரியும். எஞ்சின் மந்தமாகவும் இழுக்கும். உங்களுக்கு ஒப்பிட வேறு கோப்ரா இல்லாததால் அது தெரிந்திருக்காது.

1989 மஸ்டாங் 5.0 எஞ்சினுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அருகே ஒயர் கட்டில் தொங்கும் ஒரு சின்ன பிளக், பெயர் ஸ்பவுட். அடிப்படை டைமிங்கை வைக்கும்போது அதைக் கழற்றிவிட்டு, டைமிங்கை அளக்கும் டைமிங் லைட்டில் 10 டிகிரி (இது சூடு அல்ல, எஞ்சின் சுழற்சியின் கோணம்) பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கி, ஸ்பவுட்டைத் திரும்பச் சொருக வேண்டும். சொருக மறந்தால் கம்ப்யூட்டர் டைமிங்கைத் தொடவே முடியாது. எந்த வேகத்திலும் 10 டிகிரியிலேயே நிற்கும். கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஹெடர் மட்டும் தகதகக்கும். போல்ட்டுப் பெட்டியின் அடியில் ஒரு சாம்பல் நிறத் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். சொருகியதும் ஐடிலில் குறி 10-ஐ விட்டு முன்னே நகர வேண்டும். நகராவிட்டால் அந்த ஒயரில் கோளாறு.

ஸ்பவுட் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டைமிங் குறியின் மேலேயே. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்கின் முனையில் இருக்கும் பேலன்சர் இரண்டு இரும்பு வளையங்களை ரப்பரால் ஒட்டியது. உங்களுடையது முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், ரப்பர் செத்து வெளி வளையம் நழுவியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது டைமிங் லைட் காட்டுவது பொய். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது குறி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கையால் கிராங்க்கைச் சுற்றிச் செய்யும் வேலை. ஒரு மணி நேரம் போதும். மூன்றாவது, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் வேக்குவம் கசிவு. கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவை மெலிந்து எரிதல் மெதுவாகும், விளைவு அதே தாமதம்தான்.

இவை எல்லாம் சரியான பிறகும் பெட்டி சுடும். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கைவேலையின் குறை இல்லை. இங்கிலாந்தில் ஏசி கம்பெனி இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காக வரைந்த குட்டிக் கார்தான் ஏஸ். 1962-இல் அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பி அதற்குள் ஃபோர்டு வி-8-ஐ வைத்தார். அதுதான் கோப்ரா. 1965 வாக்கில் அகலப்படுத்திய உடலுக்குள் 7 லிட்டர் எஞ்சினும் வந்துவிட்டது. அசல் கார்கள் மொத்தம் ஆயிரத்தைத் தொடவில்லை. முதல் கார் 2016-இல் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது. நாமெல்லாம் கிட் கட்டுவது அதனால்தான். ஆனால் வடிவத்தை நகலெடுக்கும்போது அதன் நெருக்கடியும் கூடவே வருகிறது: ஓட்டுநரின் கால்கள் எஞ்சினுக்குப் பின்னால் இல்லை, பக்கத்தில் இருக்கின்றன. இடது ஹெடருக்கும் உங்கள் ஆக்சிலரேட்டர் பாதத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அலுமினியம். வலது ஷூ மட்டும் இளகியதன் காரணம் அதுதான்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு வழியில் சூடு வருகிறது. தோசைக்கல்லுக்கு மேலே தொடாமல் கையை நீட்டினால் சுடுமே, அது கதிர்வீச்சு. ரேடியேட்டர் வழியாக வந்து ஏற்கெனவே சூடேறிய காற்று எஞ்சினைத் தடவிக்கொண்டு பெட்டியின் சந்துகளில் புகுவது இரண்டாவது. என் அனுபவத்தில் கட்டுகிறவர்கள் முதலாவதோடு மல்லுக்கட்டி இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். சந்துகளை அடைப்பதுதான் மலிவானது, பலனும் அதில்தான் அதிகம்.

இரவில் பெட்டிக்குள் ஒரு பிரகாசமான விளக்கை வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கத்திலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் ஒவ்வொரு இடத்திலும் சூடும் கசியும். ரிவெட் வரிசைகளின் மூலைகள், ஸ்டியரிங் தண்டு நுழையும் துளை, கிளட்ச் கேபிள், ஒயர்கள், கியர் லீவரின் அடிப்பாகம் எல்லாம் அகப்படும். பலகைகளின் இணைப்புக்கு அதிக சூடு தாங்கும் சிலிக்கான். ஒயர்களுக்கு ரப்பர் குரொமெட், அதாவது துளையில் பொருத்தும் வளையம். ஸ்டியரிங் தண்டுக்கும் கியர் லீவருக்கும் ரப்பர் உறை. ஒரு சனிக்கிழமை வேலை.

அடுத்து ஷீட். உங்களிடம் இருக்கும் பளபளப்பான ஷீட்டை உள்பக்கம் ஒட்டி அதன் மேல் கார்பெட் போடப் போகிறீர்கள், இல்லையா? அப்படிச் செய்தால் அந்தப் பளபளப்பு வெறும் அலங்காரம். மெருகேறிய அலுமினியம் தன் மேல் விழும் வெப்பக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் கதிர் வந்து விழ அதன் முன்னால் காற்றிடைவெளி வேண்டும். கார்பெட்டோடு ஒட்டிக்கிடந்தால் வெப்பம் தொட்டுத் தொட்டே கடந்துபோகும். அலுமினியத்தைப் போல் சூட்டைக் கடத்தும் உலோகம் குறைவு. பளபளப்பு இருக்க வேண்டிய இடம் ஹெடரைப் பார்க்கும் முகம்.

எனவே எஞ்சின் பக்கத்தில், பெட்டிச் சுவரிலிருந்து 10, 12 மில்லிமீட்டர் தள்ளி, வாஷர் அடுக்கியோ குழாய்த்துண்டு வைத்தோ இன்னொரு மெல்லிய அலுமினியத் தகட்டை நிறுத்துங்கள். மேலும் கீழும் திறந்திருக்கட்டும். இடையில் காற்று ஏறிக்கொண்டே இருக்கும். தகடு சுட்டாலும் சுவர் சுடாது. ஹெடருக்கு மிக நெருக்கமான இடத்தில் மட்டும் ஸ்டெய்ன்லெஸ் போடுங்கள். அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தகட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டாம். வெள்ளை பெயின்ட்கூட வெப்பக் கதிருக்குக் கறுப்பு போலத்தான் நடந்துகொள்ளும். அழகுக்காகக் கறுப்புப் பவுடர் கோட்டிங் செய்த பெட்டிகள் நிறைய பார்த்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்தால்தான் அதன் விலை தெரியும்.

உள்பக்கத்துக்கு பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டலாம். ஆனால் அது அதிர்வையும் சத்தத்தையும் அடக்குவது, வெப்பத் தடுப்பு இல்லை. அதன் மேல் மூடிய துளைகள் கொண்ட ஃபோம், பிறகு கார்பெட். விலை குறைவு என்று தார் கலந்த ஷீட்டை வாங்கினால் டெக்சஸ் ஜூலையில் அது வழிந்து இறங்கும், நாற்றம் போகவே போகாது.

டேப் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஹெடரைத் துணி சுற்றிக் கட்டுவது பந்தயத்துக்குச் சரி, சீசன் முடிந்தால் ஹெடரை மாற்றிவிடுவார்கள். வீட்டுக் காரில் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், குழாயின் உலோகத்தை அளவுக்கு மீறிச் சுடவைக்கும், சாதா இரும்பு உள்ளேயே செதில் செதிலாக உதிரும். சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் ஹெடர் தயாரிப்பாளர்கள் பலர். அதைவிட முக்கியம், வால்வு கவரிலிருந்து எண்ணெய் சொட்டி டேப் ஊறினால் அது விளக்குத் திரி. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஹெடரை உள்ளும் வெளியும் செராமிக் கோட்டிங் செய்யக் கொடுங்கள். டைமிங்கைச் சரிசெய்த பிறகு மட்டும். இப்போதைய சூட்டில் ஓட்டினால் புது கோட்டிங் உரிந்து வந்துவிடும்.

காற்று வெளியேற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பக்கவாட்டுத் திறப்புகள் அழகுக்கு இல்லை. சில கிட்களில் உள்ளே பைபர் உடல் வெட்டப்படாமலே இருக்கும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளைத் தகடு வைத்து அடைத்தால் காரின் மூக்கில் நுழையும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே போகும். மூக்கிலிருந்து 3 அங்குல ஹோஸ் ஒன்றை இழுத்துப் பெடல் பெட்டிக்குள் விடுவதும் நல்ல பழக்கம். புதுக்காற்று உள்ளே அழுத்தம் கொடுத்தால் சூடான காற்று நுழையத் தயங்கும். குளிர்காலத்துக்கு ஒரு மூடி வையுங்கள்.

ஹெடர் அருகில் போகும் மற்றவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். பிளக் ஒயர் முனைகளுக்குக் கண்ணாடி நார் உறை, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு போர்வை. கிளட்ச் கேபிளின் பிளாஸ்டிக் உறை குழாயைத் தொடக் கூடாது. பிரேக் ஆயில் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்: புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பழையது 140-லேயே கொதிக்கலாம். பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ ஹெடருக்கு அருகில் போனால் கவசம் எல்லாம் வேண்டாம், பாதையையே மாற்றுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கால். கோப்ராக்காரர்கள் இதற்குப் பாம்புக்கடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அநேகமாக எல்லார் வீட்டிலும் ஒருவர் வாங்கியிருப்பார். உலோகம் 70 டிகிரி இருந்தாலே நொடியில் தோல் வெந்துவிடும். சைடு பைப் அதைப் போல் பல மடங்கு சுடும். துளையிட்ட ஸ்டெய்ன்லெஸ் கவர், குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு, கதவுக்குக் கீழே வரும் நீளத்துக்கு மட்டும் போட்டால் போதும். ஏறி இறங்கும் யாருக்கும் முழுக்கால் சட்டை கட்டாயம், குழந்தைகளை நீங்களே தூக்கி இறக்குங்கள். இனி யாருக்காவது பட்டால் இருபது நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். அவருடைய காயத்தில் கொப்புளம் பெரிதாக இருந்தாலோ சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சைடு பைப்பில் இன்னொரு கணக்கு உண்டு. ஒன்றரை மீட்டர் ஸ்டெய்ன்லெஸ் குழாய் 300 டிகிரி ஏறினால் 7, 8 மில்லிமீட்டர் நீளும். ஆறிய காரில் பைபர் உடலின் வெட்டுக்கும் குழாய்க்கும் நடுவே அழகாக ஒரு கோடு அளவு இடைவெளி விட்டிருந்தால், சூட்டில் குழாய் பைபரைத் தொடும். சுற்றிலும் 20 மில்லிமீட்டராவது விடுங்கள், பின் தாங்கியில் ரப்பர் இருக்கட்டும், வெட்டின் உள்விளிம்பில் பளபளப்பு ஷீட்டை ஒட்டுங்கள். வாங்கிய ஷீட்டுக்கு இது சரியான இடம்.

பெயின்டரை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும். கவசம் வைக்க, கோட்டிங்குக்கு ஹெடரைக் கழற்ற, ஹோஸ் இழுக்க என்று பைபர் உடலைக் குறைந்தது ஒரு தடவையாவது தூக்கி இறக்கப்போகிறீர்கள். ஒவ்வொரு தூக்கலும் ஒரு கீறல். அதைவிட, பைபர் இன்னும் அடங்கவில்லை. பாலியெஸ்டர் ரெசின் எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் இளகி இறுகி, தன் நிலைக்கு வர நாளாகும். அதற்கு முன் பெயின்ட் அடித்தால் பளபளப்பின் அடியில் நார் நெசவும் வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடுகளும் ஆறு மாதத்தில் மேலே தெரியும்.

பெயின்ட் இல்லாமல், பைபரின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஜெல்கோட் பூச்சிலேயே ஓட்டுங்கள். பதிவும் காப்பீடும் முடித்து, 500 மைலாவது. அனுபவசாலிகள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எங்கே எண்ணெய் கசிகிறது, எங்கே உடல் உரசுகிறது, எந்த இடத்தில் ஜெல்கோட் பழுப்பாகிறது என்று கார் தானே காட்டும். சைடு பைப் மேலே மஞ்சள் நிழல் விழுந்தால் அங்கே கவசம் போதவில்லை. பெயின்ட்டுக்குப் பிறகு இதைக் கண்டுபிடித்தால் அழத்தான் முடியும்.

அந்த ஓட்டம் முடிந்த பின் கதவு ரப்பர்கள் எல்லாம் போட்ட நிலையில் கதவு, பானெட் இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். ரப்பர் இல்லாமல் வைத்த இடைவெளி ரப்பர் வந்ததும் பிதுங்கும். இணைப்புக் கோடுகளை அரைத்து, சாதா பட்டி வேண்டாம், நார் கலந்த பட்டி வையுங்கள். நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பதுதான் மொத்த வேலையில் முக்கால்வாசி. அதை நீங்களே செய்யலாம். பெயின்டரின் கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான். பிறகு எபாக்சி பிரைமர் அடித்துச் சில வாரம் வெயிலில் விட்டுவிட்டு மறுபடி தேயுங்கள்.

நிறம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கறுப்பு வேண்டாம். டல்லஸ் வெயிலில் கறுப்பு பைபர் கொதிக்கும், ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும். கார்ட்ஸ்மன் நீலமும் வெள்ளைக் கோடும் எல்லாரும் அடிப்பதுதான். எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் உங்கள் காருக்கு அதன் மேல் ஆசை என்றால் நான் யார் தடுக்க?

கிட் கம்பெனி கொடுத்த மூலச் சான்றிதழ், எஞ்சின் வாங்கிய ரசீது, உதிரிபாக பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், உங்கள் கவுண்டி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டில் சந்தை விலை என்று போட விடாதீர்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் விபத்தானால் பழைய மஸ்டாங் விலைதான் கைக்கு வரும். சீட்டுக்கு அருகே கை எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும்: சோப்பு நீர், டைமிங் லைட். ஸ்பவுட் சொருகியிருந்ததா, பேலன்சர் குறி எங்கே நின்றது, இரண்டையும் எழுதி அனுப்புங்கள். மீதியை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.